ஹெட் கேஸ்கட் இல்லாத என்ஜின்

மே மாதம் பிறந்தாலே அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தய ஓடுதளத்தில் பழைய பந்தயக் கார்கள் ஒன்றிரண்டு நாள் வெளியே வந்து ஓடும். நான் இந்தியானாவில், என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போசார்ஜர்களைச் சோதிக்கும் வேலைக்கு வந்து பதினோரு ஆண்டுகளாகின்றன. அந்த நாள்களைத் தவறவிட்டதாக நினைவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறேன். 1950களின் நீண்ட மூக்குக் கார்களை, இங்கே ரோட்ஸ்டர் என்று அழைக்கப்படும் அந்த அழகிய வண்டிகளை, நான்கு வரிசை ஆழத்துக்குக் கூட்டம் சூழ்ந்து நிற்கும். பேரக்குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு என்ஜினைக் காட்டும் தாத்தாக்கள் அங்கேதான் இருப்பார்கள். கராஜ் வரிசையின் கடைசியில், 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்த, ஆப்பு வடிவ உடலும் அகலமான பின்சிறகும் கொண்ட ஒரு கார் தனியாக நிற்கும். அதன் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒடுங்கி உயர்ந்த ஒரு நான்கு சிலிண்டர் என்ஜின். அதற்கும் பின்னால், பெரிய நத்தை ஓடு போல ஒரு டர்போசார்ஜர். அருகில் சென்று பார்ப்பவர் மிகச் சிலரே.

கூட்டம் சூழ்ந்திருக்கும் ரோட்ஸ்டரில் இருப்பதும், தனியாக நிற்கும் அந்தக் காரில் இருப்பதும் ஒரே என்ஜினின் இரண்டு பருவங்கள். ஆஃபன்ஹவுசர் என்பது அதன் பெயர். பந்தய உலகம் செல்லமாக ஆஃபி என்றே அழைத்தது. முதல் பருவத்தைக் கொண்டாடுகிறவர்கள் இரண்டாவது பருவத்தை ஏதோ முதுமையின் நீட்சி போலக் கடந்து போவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது. ஆஃபியின் உண்மையான பெருமை டர்போ பொருத்தப்பட்ட பிறகுதான் முழுதாக வெளிப்பட்டது என்பது என் எண்ணம். அதற்கான காரணம் அந்த என்ஜினின் இரும்பிலேயே இருக்கிறது.

கதை லாஸ் ஏஞ்சலஸில் தொடங்குகிறது. கார்புரேட்டர் செய்து பெயர் பெற்ற ஹாரி மில்லரின் பட்டறையில் 1913-இல் ஃபிரெட் ஆஃபன்ஹவுசர் என்ற கடைசல் வேலைக்காரர் சேர்ந்தார். சில ஆண்டுகளில் லியோ கூசன் என்ற வரைவாளரும் வந்து சேர்ந்தார். மில்லரிடம் கற்பனை இருந்தது. கூசன் அதைக் கோடுகளாக்கினார். ஆஃபன்ஹவுசர் அதை உலோகமாக்கினார். பாப் பர்மன் என்ற பந்தய ஓட்டுநரின் பெஜோ கார் என்ஜின் உடைந்து மில்லரின் பட்டறைக்கு வந்தது. அதைப் பிரித்துத் திரும்பச் செய்தபோதுதான், வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம் தண்டுகள் மேலேயும், சிலிண்டருக்கு நான்கு வால்வுகளும் கொண்ட அந்த பிரெஞ்சு அமைப்பை இவர்கள் கையால் தொட்டுப் படித்தார்கள். 1926-இல் 151 கன அங்குல வகுப்புப் பந்தயப் படகுகளுக்காக மில்லர் பட்டறை ஒரு நான்கு சிலிண்டர் என்ஜினைச் செய்தது. அந்தப் படகு என்ஜின்தான் வளர்ந்து, 1930-இல் தரைக்கு வந்து, இண்டியானாபொலிஸில் ஷார்ட்டி கேன்ட்லனின் காரை இரண்டாம் இடம் வரை கொண்டு சென்றது. பொருளாதாரப் பெருமந்தத்தில் மில்லர் 1933-இல் திவாலானார். அச்சுகளையும் இயந்திரங்களையும் வாங்கி, தன் பெயரில் அதே என்ஜினைத் தொடர்ந்து செய்தவர் ஆஃபன்ஹவுசர். 1935-இல் கெல்லி பெட்டில்லோ, இண்டி 500 எனப்படும் இண்டியானாபொலிஸின் 500 மைல் பந்தயத்தில், அந்தப் பெயருக்கு முதல் வெற்றியைக் கொடுத்தார்.

இனி அந்த இரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாதாரண என்ஜினில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் ஒரு துண்டு. வால்வுகள் இருக்கும் ஹெட் இன்னொரு துண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கேஸ்கட்டை வைத்து, போல்ட்டுகளால் இறுக்கி மூடுவார்கள். எரிவாயுவின் வெடிப்பு முழுவதையும் அந்த மெல்லிய தகடுதான் தாங்கி நிற்கிறது. என்ஜின் வேலை தெரிந்த எவரும் ‘ஹெட் கேஸ்கட் போய்விட்டது’ என்ற சொற்களைக் கேட்டதும் செலவுக் கணக்கைப் போடத் தொடங்கிவிடுவார்கள். ஆஃபியில் அந்தத் தகடு கிடையாது. ஏனென்றால் ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. சிலிண்டர்கள் கவிழ்த்து வைத்த நான்கு குவளைகள் போல மேலே மூடியவை. கீழே மட்டுமே திறந்தவை. அந்தக் காலத்தில் நம்பகமான கேஸ்கட் செய்வது கடினமாக இருந்ததால், மூட்டே இல்லாமல் செய்துவிடுவது என்று அன்றைய பந்தய என்ஜின் செய்தவர்கள் பலரும் முடிவெடுத்தார்கள். மற்றவர்கள் பின்னர் அதைக் கைவிட்டார்கள். ஆஃபி கைவிடவில்லை.

இதனால் மெக்கானிக்குகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஹெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்து வால்வு தேய்க்கும் வசதி கிடையாது. வால்வு வேண்டுமென்றால் சிலிண்டரின் கீழ்வாய் வழியாகத்தான் உள்ளே விட்டு மேலே தள்ள வேண்டும். வால்வு இருக்கைகளைத் தேய்க்கும் கருவியும் அதே நீண்ட குழாய்க்குள்தான் போய்வர வேண்டும். கீழே இருக்கும் கிராங்க் பெட்டியும் நாம் பழகிய வகையன்று. அது பீப்பாய் வடிவம். பிஸ்டன்களின் அடியைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டை, அதைத் தாங்கும் வட்டத் தட்டுகளுடன் சேர்த்து ஒரு முனையிலிருந்து உள்ளே செருகிவிட்டு, பெட்டியின் விலாவில் உள்ள சிறு வாசல்கள் வழியாகக் கையை நுழைத்துத்தான் கனெக்டிங் ராடுகளைப் பூட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல் நுனியால் நட்டைத் தேடிப் பிடிக்கும் வேலை அது. பந்தயக் கார் ஒன்றைப் பாதுகாத்து வரும் முதியவர் ஒருவர் ஒருமுறை எனக்கு அந்த வாசலைத் திறந்து காட்டினார். அவருடைய முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அந்த வாசலின் விளிம்பு உரசி உரசித் தடித்துப்போன ஒரு கோடு இருந்தது. அதை அவர் காட்டவில்லை, நானாகப் பார்த்துக்கொண்டேன்.

1946-இல் ஆஃபன்ஹவுசர் ஓய்வு பெற்று, தொழிலை லூயி மேயரிடமும் டேல் டிரேக்கிடமும் விற்றார். மேயர் இண்டியானாபொலிஸில் மூன்று முறை வென்ற ஓட்டுநர். அதன் பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான்: 1947 முதல் 1964 வரை தொடர்ச்சியாகப் பதினெட்டு ஆண்டுகள் இண்டி 500 பந்தயத்தை ஆஃபியே வென்றது. 1950 முதல் 1960 வரை முதல் மூன்று இடங்களையும் வேறு எந்த என்ஜினுக்கும் அது விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பதினோரு ஆண்டுகளில் தொடக்க வரிசையின் முதலிடம் ஒரே ஒருமுறைதான் கைமாறியது. 1952-இல் அதைப் பறித்தது கம்மின்ஸ் நிறுவனத்தின் டீசல் கார். 6.6 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜினைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஃபிரெடி அகபாஷியன் மணிக்கு 138.010 மைல் சராசரியில் ஓட்டினார். இண்டியானாபொலிஸில் டர்போசார்ஜருடன் ஓடிய முதல் கார் அதுதான். பந்தயத்தில் 71 சுற்றுகள் ஓடிய பின், டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர்த் துகள்கள் டர்போவின் காற்று வாயை அடைத்துவிட, அது ஒதுங்கியது. ஆஃபிக்கு எதிராக வந்த அந்தப் பொருளே பதினான்கு ஆண்டுகள் கழித்து ஆஃபியைக் காப்பாற்றப் போகிறது என்பதை அன்று யார் நினைத்திருப்பார்கள்!

காப்பாற்ற வேண்டிய நிலை உண்மையிலேயே வந்தது. 1963-இல் ஜிம் கிளார்க் ஓட்டிய, என்ஜினைப் பின்னால் கொண்ட சிறிய லோட்டஸ்-ஃபோர்டு இரண்டாம் இடம் பிடித்தது. 1964-இல் ஏ.ஜே. ஃபாய்ட் ரோட்ஸ்டரில் பெற்ற ஆஃபி வெற்றி, முன்னால் என்ஜின் வைத்த கார் அங்கே பெற்ற கடைசி வெற்றியானது. 1965-இல் கிளார்க் ஃபோர்டு வி-8 என்ஜினுடன் வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஃபோர்டுக்கே. மேயர், டிரேக்கைப் பிரிந்து ஃபோர்டு என்ஜின்களைக் கவனிக்கப் போய்விட்டார். நான்கு பெரிய பிஸ்டன்கள் மேலும் கீழும் அடிக்கும் 4.2 லிட்டர் ஆஃபி, எட்டுச் சிறு பிஸ்டன்கள் கொண்ட ஃபோர்டு அளவுக்குச் சுழல முடியவில்லை. அதிர்வோ காரையே உதறியது. பலர் அத்துடன் ஆஃபியின் காலம் முடிந்தது என்று எழுதிவிட்டார்கள்.

விதிப் புத்தகத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. இயல்பாகக் காற்றை இழுக்கும் என்ஜினுக்கு 4.2 லிட்டர் வரை அனுமதி. காற்றை அழுத்தி ஊட்டும் என்ஜினுக்கு 2.8 லிட்டர் வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.75 லிட்டர் என்ஜினுக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரு மடங்கில் காற்றைத் திணித்தால், வெப்பத்தால் ஏற்படும் இழப்பை ஒதுக்கிவிட்டால், அது 5.5 லிட்டர் என்ஜின் போல மூச்சு விடும். 4.2 லிட்டர் வரம்பு அங்கேயே தோற்றுவிடுகிறது. என்ஜினே சுழற்றும் சூப்பர்சார்ஜரையும் முயன்று பார்த்தார்கள். அது கொடுக்கும் திறனில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். டர்போசார்ஜர் வெளியே வீணாகப் போகும் புகையின் வேகத்தில் சுழல்வது. காரெட் ஏர்ரிசர்ச் நிறுவனம் அப்போது டீசல் லாரிகளுக்கும் கனரக இயந்திரங்களுக்கும் டர்போ செய்துகொண்டிருந்தது. அங்கிருந்த பாப் டிபிஷாப், எரிபொருள் ஊட்டும் கருவிகளில் வல்லவரான ஸ்டூவர்ட் ஹில்போர்ன், என்ஜின் கட்டுவதில் கைதேர்ந்த ஹெர்ப் போர்ட்டர் ஆகியோர் 1966-இல் அதை ஆஃபியோடு சேர்த்து ஓட வைத்தார்கள். 4.2 லிட்டர் ஆஃபி ஏறத்தாழ 400 குதிரைத் திறன் கொடுத்து வந்தது. அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்ட டர்போ ஆஃபி, 1960களின் முடிவுக்குள் 600-ஐத் தாண்டிவிட்டது.

பழைய வார்ப்பின் பெருமை இங்கேதான் வெளிப்படுகிறது.

டர்போவின் அழுத்தத்தை ஏற்ற ஏற்ற, சிலிண்டருக்குள் எரிதலின் உச்ச அழுத்தமும் ஏறும். அது முதலில் சோதிப்பது ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தைத்தான். நான் இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் ஆண்டில், சோதனை மேடையில் ஒரு என்ஜின் இரவு முழுதும் உயர் அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் குளிரூட்டி நீரின் அழுத்தமானி மெல்ல ஏறத் தொடங்கியது. நான் நிறுத்துவதற்குள் மூடி பிய்த்துக்கொண்டு, அறை முழுதும் ஆவியாகிவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட்டில் பென்சில் முனை அளவுக்கு ஒரு கரிந்த வாய்க்கால். பல வாரங்களின் உழைப்பு அந்தப் பென்சில் முனை வழியாக வெளியேறியிருந்தது. அன்றிலிருந்து ஆஃபியின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது அந்த மூட்டு இருக்க வேண்டிய இடத்தைத்தான். அங்கே வெறும் இரும்புச் சுவர் இருக்கிறது. கேஸ்கட்டை நம்ப முடியாத காலத்தில், அதற்குப் பயந்து செய்த ஒரு வார்ப்பு, அதைச் செய்தவர்கள் கனவிலும் எண்ணியிராத அழுத்தத்துக்கு நாற்பது ஆண்டுகள் முன்னதாகவே தயாராக இருந்திருக்கிறது. வட்டத் தட்டுகள் இறுக்கிப் பிடித்த பீப்பாய்ப் பெட்டியும் அப்படியே: கிராங்க் தண்டு வளைய இடமே இல்லை. எரிபொருளான மெத்தனால் தன் பங்குக்கு உதவியது. அது ஆவியாகும்போது உள்ளே வரும் சூடான காற்றைப் பெரிதும் குளிர்விக்கும். முன்னதாகவே வெடித்து பிஸ்டனைத் துளைக்கும் ஆபத்தைத் தள்ளிப்போடும். பிஸ்டனின் வீச்சைக் குறைத்ததால் அந்தப் பழைய உதறலும் பெருமளவு அடங்கியது.

1968-இல் பாபி அன்சர், டான் கர்னியின் ஈகிள் காரில், டர்போ ஆஃபியுடன் இண்டி 500-ஐ வென்றார். அந்த ஆண்டு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது, பிஸ்டன் இல்லாமல் டர்பைனால் ஓடும் லோட்டஸ் கார்களை. ஜோ லெனார்டின் டர்பைன் கார் முன்னணியில் இருந்தபடியே, ஒன்பது சுற்றுகள் மீதமிருக்கும்போது, அணைந்து நின்றது. அன்சர் கடந்து போனார். டர்போசார்ஜர் கொண்ட கார் இண்டியில் பெற்ற முதல் வெற்றி அது. அன்று தொடங்கி 1996 வரை இண்டி 500-ஐ வென்ற ஒவ்வொரு காரிலும் டர்போ இருந்தது.

டர்போவுக்கு ஒரு தீராத குறை உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் திறன் வராது. புகை பெருகி, சக்கரம் வேகமெடுத்து, காற்று அழுந்தி, அதன் பிறகுதான் வரும். வந்தால் மொத்தமாக வரும். ஊர்ச்சாலை போன்ற வளைந்து நெளியும் தளத்தில் இது பெரும் இடைஞ்சல். இண்டியானாபொலிஸோ நான்கு வளைவுகளும் இரண்டரை மைல் நீளமும் கொண்ட தளம். அங்கே என்ஜின் வேகம் அதிகம் இறங்குவதில்லை. டர்போ தூங்கிப்போக நேரம் கிடைப்பதில்லை. ஆனாலும் வளைவின் நடுவிலேயே, கார் இன்னும் திரும்பிக்கொண்டிருக்கும்போதே, பின்னர் வரப்போகும் திறனை முன்கூட்டியே கேட்டு மிதிக்க வேண்டியிருந்தது. அந்தத் திறன் வரும் கணத்தில் கார் நேராகியிருக்க வேண்டும், இல்லையென்றால் சுவர். இப்படி ஒவ்வொரு பந்தயத்திலும் எண்ணூறு முறை.

திறன் ஏறிக்கொண்டே போனது. 1969-இல் அளவு வரம்பை 2.65 லிட்டராகக் குறைத்தார்கள், ஆஃபி 2.6 லிட்டராகி இன்னும் வலுத்தது. 1971-இல் பீட்டர் ரெவ்சன் மெக்லாரன்-ஆஃபியில் 178.696 மைல் சராசரியுடன் தொடக்க வரிசையின் முதலிடம் பிடித்தார். அடுத்த ஆண்டு பின்சிறகுக்கு அனுமதி கிடைத்ததும் பாபி அன்சர் ஈகிள்-ஆஃபியில் எட்டியது 195.940. ஒரே ஆண்டில் பதினேழு மைல் உயர்வு. சாதாரண வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 30 பாதரச அங்குலம். தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றுகளில் அந்தக் குழுக்கள் 100 அங்குலத்தையும் தாண்டி ஊட்டினார்கள். வளிமண்டலத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! என்ஜின் சோதனை மேடைகளில் 1,000 குதிரைத் திறனைக் கடந்த எண்கள் பதிவாயின. நான்கு சிலிண்டர்கள், 2.6 லிட்டர், 1,000 குதிரைகள். அடிப்படை வரைபடமோ 1920களின் படகு என்ஜின். அதை வரைந்த லியோ கூசன் அப்போதும் உயிருடன் இருந்தார். 1974-இல் இறக்கும் வரை அதே என்ஜினைத் திருத்தி வரைந்துகொண்டே இருந்தார். ஒரு மனிதர் அரை நூற்றாண்டு ஒரே பொருளை விடாமல் சீர்செய்தார் என்பது எனக்கு அந்த 1,000 குதிரைகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

1972-இல் வென்றவர் மார்க் டோனஹ்யூ. ரோஜர் பென்ஸ்கியின் மெக்லாரன்-ஆஃபியில், 162.962 மைல் சராசரியில். அந்தச் சாதனை 1984 வரை நின்றது. பென்ஸ்கி குழுவிலேயே அன்று வேகமாக ஓடியவர் கேரி பெட்டன்ஹவுசன். 138 சுற்றுகள் முன்னணியில் இருந்துவிட்டு, முடிவை நெருங்கும்போது என்ஜின் கோளாறால் நின்றார். டோனஹ்யூ முன்னணியில் இருந்தது கடைசி 13 சுற்றுகள் மட்டுமே. பொறியியல் படித்த அவர், அதே ஆண்டு வட அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயங்களுக்காக போர்ஷே 917 காரின் டர்போ வடிவத்தை ஓட்டிச் சீர்செய்யும் பணியிலும் இருந்தார். ஐரோப்பாவின் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு முதல் டர்போ கார் 1977-இல்தான் வந்தது.

1973-ஐப் பற்றி எழுதாமல் இந்த என்ஜினைப் புகழ்வது நேர்மையாகாது. அந்த மே மாதம் ஜானி ரதர்ஃபோர்ட் ஒரு சுற்றை 199.071 மைலில் ஓடினார். 200 என்ற எண்ணை நோக்கி எல்லோரும் சாய்ந்து நின்றார்கள். அதே நாள் காலைப் பயிற்சியில் ஆர்ட் போலார்ட் சுவரில் மோதி இறந்தார். பந்தயம் தொடங்கிய கணத்திலேயே சால்ட் வால்தரின் கார் வேலியில் ஏறி, எரியும் எரிபொருள் பார்வையாளர்கள்மேல் சிதறியது; அவரும் கடுமையாகத் தீக்காயமுற்றார். மழையால் இரண்டு நாள் தள்ளிப்போய், மே 30 அன்று மீண்டும் தொடங்கிய பந்தயத்தில், தொட்டியை நிரப்பிக்கொண்டு வெளியே வந்த சிறிது நேரத்தில் ஸ்வீட் சாவேஜின் கார் நான்காம் வளைவில் உட்சுவரில் மோதி வெடித்தது. அவரை நோக்கி ஓடிய அர்மாண்டோ டெரான் என்ற இளம் குழு உறுப்பினர்மேல் தீயணைப்பு வண்டி மோதியது, அவர் இறந்துபோனார். சாவேஜ் ஜூலை 2 அன்று மருத்துவமனையில் இறந்தார். 133 சுற்றுகளில் மழையால் நிறுத்தப்பட்ட அந்தப் பந்தயத்தின் வெற்றியாளர் கார்டன் ஜான்காக், சாவேஜின் குழுத்தோழர். சாவேஜுக்கும் ஜான்காக்குக்கும் ஒரே வகைக் கார், ஒரே டர்போ ஆஃபி. இந்த என்ஜின் குடித்த மெத்தனாலின் அளவுதான் அந்தப் பெரிய தொட்டிகளைக் கேட்டது. இந்த என்ஜின் தந்த வேகம்தான் அந்தச் சுவர்களைக் கொடியவையாக்கியது. வார்ப்பு எவ்வளவு அழுத்தத்தையும் தாங்கும். மனித உடலுக்கு அந்த வரம் இல்லை. டர்போ ஆஃபியை நேசிக்கிற நான் அந்த மே மாதத்தையும் அதன் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு விதிகள் இறுகின. சிறகுகள் சுருங்கின, காரில் இருக்கும் எரிபொருள் 40 கேலனாகக் குறைந்தது, முழுப் பந்தயத்துக்கும் 280 கேலன் மட்டுமே என்றானது. ஒரு கேலனுக்கு இரண்டு மைல்கூட வராத கணக்கு அது. 1974-இல் தகுதிச் சுற்றுகளுக்கு, 80 அங்குலத்தைத் தாண்டியதும் தானாகத் திறந்து காற்றை வெளியேற்றும் வால்வு கட்டாயமானது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளும் ஆஃபி வென்றது: 1974-இல் இருபத்தைந்தாம் இடத்திலிருந்து புறப்பட்ட ரதர்ஃபோர்ட், 1975-இல் பாபி அன்சர், 1976-இல் மறுபடியும் ரதர்ஃபோர்ட். 1976-இன் பந்தயம் மழையால் 102 சுற்றுகளிலேயே, 255 மைலில், முடிந்தது. இண்டி வரலாற்றின் மிகக் குறுகிய அந்தப் பந்தயம்தான் ஆஃபி அங்கே பெற்ற 27-ஆவது வெற்றி, கடைசி வெற்றி.

வீழ்த்தியது காஸ்வொர்த் டிஎஃப்எக்ஸ் என்ற வி-8 என்ஜின். ஃபார்முலா ஒன்னில் புகழ்பெற்ற என்ஜினைச் சுருக்கி, டர்போ சேர்த்துச் செய்தது. எட்டுச் சிறு பிஸ்டன்கள், அதிகச் சுழற்சி, குறைந்த எரிபொருள். அழுத்தத்தை இறக்க இறக்க அதற்கு இழப்பு குறைவு. ஆஃபியின் பலமோ அழுத்தத்தைத் தாங்குவதில் இருந்தது. அழுத்தமே அனுமதிக்கப்படாத இடத்தில் அந்தப் பலத்துக்கு என்ன வேலை? 1978 ஏப்ரலில் டிரென்டனில் ஜான்காக் பெற்றது ஆஃபியின் கடைசி சாம்பியன்ஷிப் பந்தய வெற்றி. 1980-இல் அதே கேரி பெட்டன்ஹவுசன், கூசனும் ஆர்ட் ஸ்பார்க்ஸும் திருத்தியமைத்த ஆஃபியுடன் முப்பத்திரண்டாம் இடத்தில் தொடங்கி இண்டியில் மூன்றாவதாக முடித்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் கையிலிருந்து நழுவிய பந்தயத்தை நினைவில் வைத்துக்கொண்டு அந்த மூன்றாம் இடத்தைப் பார்த்தால், எனக்கு அது வெற்றிக்குச் சற்றும் குறைந்ததாகத் தோன்றவில்லை. 1982-இல் போகோனோவில் ஜிம் மெக்எல்ரீத் ஓட்டிய ஈகிளுடன் ஆஃபியின் பந்தய வாழ்வு முடிந்தது.

இன்று இவற்றை ஓட வைப்பது பந்தயத்தில் ஓட்டியதைவிட எளிதன்று. ரோட்ஸ்டரின் ஆஃபியை ஓரளவு அனுபவமுள்ள பட்டறை பார்த்துக்கொள்ளும். டர்போ ஆஃபி அப்படியல்ல. ஒவ்வொரு குழுவும் தனக்கென்று மாற்றிச் செய்துகொண்ட பாகங்கள் அதில் இருக்கின்றன. ஐம்பது ஆண்டுகள் வெப்பமும் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்கிய வார்ப்புகளில் மயிரிழை விரிசல்கள் ஒளிந்திருக்கும். ஒரே துண்டு என்பதால் விரிசல் கண்ட பகுதியை மட்டும் மாற்ற வழியில்லை; ஹெட் போனால் பிளாக்கும் போயிற்று. அன்று பலமாக இருந்ததே இன்று பராமரிப்பவருக்குச் சுமையாகிவிட்டது.

சென்ற மே மாதம் அந்த முதியவர் தன் காரை எழுப்பும்போது நான் பக்கத்தில் நின்றேன். முதலில் எண்ணெயைத் தனியே சூடாக்கி ஊற்றினார். சூடேற்றுவதற்கென்று வைத்திருந்த ஸ்பார்க் பிளக்குகளைப் பூட்டினார். என்ஜின் வெப்பமானதும் அவற்றைக் கழற்றிப் பந்தயப் பிளக்குகளை மாட்ட வேண்டும். கையில் பிடித்த ஸ்டார்ட்டரை அவருடைய மகள் காரின் பின்புறத்தில் செருகி அழுத்தினார். இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. மெத்தனாலின் புகை கண்ணைக் கரித்தது. சுற்றி நின்ற இரண்டு மூன்று பேரும் முகத்தைத் திருப்பினார்கள். மெத்தனால் தீப்பிடித்தால் பகலில் சுவாலையே தெரியாது என்பதால், இளைஞர் ஒருவர் தண்ணீர்க் குழாயைக் கையில் ஏந்தியபடி நின்றார். ரோட்ஸ்டரின் ஆஃபி எழுப்பும் ஓசை நெஞ்சுக்கூட்டை அறையும். கூட்டம் அதற்காகவே வருகிறது. இதில் அந்த ஓசையின் பெரும்பகுதியை டர்போவின் சக்கரம் விழுங்கிவிடுகிறது. வெளியே வருவது ஒரு தாழ்ந்த உறுமலும், அதன்மேல் இழையும் ஒரு மெல்லிய சீழ்க்கையும்தான். கூட்டம் ஏன் இங்கே வருவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கார் நான்கு சுற்றுகள் ஓடிவிட்டு வந்தது. மெத்தனால் உள்ளே தங்கினால் அலுமினியப் பாகங்களை அரித்துவிடும். ஆகவே எரிபொருள் குழாயை மாற்றிப் பொருத்தி, பெட்ரோலில் சிறிது நேரம் ஓடவிட்டு உட்புறத்தைக் கழுவினார்கள். பிறகு அவர் சுவிட்சை அணைத்தார். பிஸ்டன்கள் நின்றுவிட்டன. ஆனால் ஓர் ஒலி நிற்கவில்லை. டர்போவின் சக்கரம் தன் வேகத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது. தூரத்தில் யாரோ மூச்சை நீளமாக விடுவது போன்ற ஒலி, மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அவர் தலையைச் சாய்த்து, காதை அதனருகே கொண்டுபோய், ஏதாவது உரசுகிறதா என்று கேட்டார். என்னையும் அருகே வரச் சொல்லிக் கையசைத்தார். தினமும் இதையே தொழிலாகக் கேட்கிற என் காதுக்கும் எந்த உரசலும் கேட்கவில்லை. ஒலி முழுதும் அடங்கியதும், மகள் நீட்டிய சுத்தமான வெள்ளைத் துணியை வாங்கி, தூசு எதுவும் உள்ளே போய்விடாதபடி டர்போவின் காற்று வாயைச் சுற்றி இறுகக் கட்டினார்.